ஒரு குரல், ஒரு கிட்டார், பத்துப் பாட்டு: முதல் ஃபோக்-கன்ட்ரி ஆல்பம் போடுவது எப்படி

உங்கள் ஃபோனில் இப்போது நாற்பது ஐம்பது வாய்ஸ் மெமோ கிடக்கும். பாதிக்குப் பெயர் கிடையாது, சிலதில் பின்னால் நாய் குரைக்கும், ஒன்றிரண்டில் நீங்களே வரி மறந்து சிரித்து நிறுத்தியிருப்பீர்கள். ஆல்பம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முதல் ஆல்பம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிக் குதித்து, எந்த மைக் வாங்கலாம், அட்டைப்படத்துக்கு எந்தச் சட்டை போடலாம் என்று போய்விடுகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். பதினாலு பாட்டை அவசரமாகப் பதிவு செய்தேன், அதில் ஆறு பாட்டை இன்றைக்கு என்னாலேயே முழுசாகக் கேட்க முடியவில்லை. ஆறிலும் கோளாறு ஒன்றுதான்: சொல் கேட்கவில்லை. கிட்டார் கேட்டது, எதிரொலி கேட்டது, நண்பன் வாசித்த மாண்டலின் பிரமாதமாகக் கேட்டது, கதையை மட்டும் காணோம்.

ஃபோக்கும் கன்ட்ரியும் சொல்லை நம்பி நிற்கிற இசை. 1927 கோடையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரத்தில் ரால்ஃப் பியர் என்பவர் பதிவுக் கருவிகளோடு போய் உட்கார்ந்தார். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். ஒருமுறை பாடியதன் மேல் இன்னொரு வாத்தியத்தை ஏற்றிச் சரிக்கட்ட வழியில்லாத காலம் அது. குரல், ஒன்றிரண்டு கம்பி வாத்தியம், சொல். நூறு வருஷம் ஆகப்போகிறது, இந்த இசைக்குத் தேவையான சாமான் பட்டியல் பெரிதாக மாறிவிடவில்லை. அதனால் கீழே நான் சொல்லப்போகிற ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: இதைச் செய்தால் சொல் கேட்குமா, அமுங்குமா?

பாட்டைப் பொறுக்குவது

ஒரு நாள் உட்கார்ந்து, தேறும் என்று தோன்றுகிற எல்லாப் பாட்டையும் ஒரே நாற்காலியில், ஃபோனை ஒரே இடத்தில் வைத்து, ஒருமுறை மட்டும் பாடிப் பதிவு செய்யுங்கள். வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். அப்புறம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சரணத்துக்கும் என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு சரணத்துக்கு ஒரே வரி வந்தால் ஒன்றைத் தூக்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் மூன்றாவது சரணத்தில்தான்: முதலில் பிரிவு, இரண்டாவதில் ஏக்கம், மூன்றாவதில் மறுபடி ஏக்கம், கொஞ்சம் சத்தமாக. கதைப்பாட்டில் மூன்றாவது சரணம் எதையாவது திறந்து காட்ட வேண்டும். அவள் திரும்பி வந்தாளா, கடிதத்தை அவன் போடவே இல்லையா, இத்தனை நேரம் பாடிக்கொண்டிருந்தது மகனா அப்பாவா? அப்படி ஒன்று தெரிந்த பிறகு அதே பல்லவி திரும்ப வரும்போது, சொல் மாறாமலே பொருள் மாறிவிடும். அந்த ஒரு விஷயம் நடந்துவிட்டால் பாட்டுக்கு வேறு ஜோடனை தேவையில்லை.

அப்புறம், உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் பொருளைக் காட்டுங்கள். "தனிமை கொல்லுதே" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இரண்டு டம்ளரைக் கழுவி ஒன்றை மட்டும் மேசையில் கவிழ்த்து வைத்தான் என்று எழுதினால் அது உங்கள் பாட்டு.

தமிழில் எழுதிப் பாடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த மெட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் அழுத்தத்துக்குப் பழகியவை. நமக்கு அழுத்தத்தைவிடக் குறிலும் நெடிலும்தான் முக்கியம். "மலை" என்று எழுதிவிட்டு, மெட்டு நீளுகிற இடத்தில் முதல் எழுத்தை இழுத்தால் கேட்கிறவருக்கு அது "மாலை". "கலை" காலையாகிவிடும், "படம்" பாடமாகிவிடும். மெட்டு முதலில் வந்திருந்தால், நீளும் சுரங்கள் எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொண்டு அங்கே நெடில் வருகிற சொல்லாகத் தேடுங்கள். இந்தத் தவறு ரெக்கார்டிங் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் கண்ணில் படும், அப்போது மிக்ஸிங் செய்கிறவரால் (பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பவரால்) ஒன்றும் செய்ய முடியாது.

எத்தனை பாட்டு வேண்டும்? பத்து, அதிகம் போனால் பன்னிரண்டு. மொத்தம் 35 முதல் 40 நிமிடம் போதும். பின்னாளில் 12 அங்குல வினைல் போடும் ஆசை இருந்தால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தை ஒட்டி நிற்பது நல்லது, அதற்கு மேல் அடைத்தால் ஒலியின் அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். பன்னிரண்டு பதிவு செய்து பத்தை வெளியிடுங்கள். விழுகிற இரண்டும் எதுவென்று நீங்களே சொல்ல வேண்டாம், சுற்றி இருப்பவர்கள் முகம் சொல்லும்.

சுருதி, வேகம், பேப்பர் வேலை

உங்கள் குரலின் உச்சம் எங்கே என்று காட்டும் ஸ்கேலைத் தேர்வு செய்யாதீர்கள். கதை சொல்கிற பாட்டுக்கு, பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் இருக்கிற சுருதிதான் கைகொடுக்கும். வழி எளிது: பாட்டிலேயே அதிகச் சொற்கள் நெருக்கியடிக்கிற வரியை எடுத்து மூன்று ஸ்கேலில் பாடிப் பதிவு செய்து, பாட்டையே அறியாத ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எதில் குறைவாகத் தப்பு விடுகிறாரோ அது உங்கள் ஸ்கேல். கை அதற்கு வசதிப்படவில்லை என்றால், கிட்டார் கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ எதற்கு இருக்கிறது? நாலாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்களைப் பிடித்தால் பி ஸ்கேல் வந்துவிடும், திறந்த கம்பிகளின் அந்த மணியோசையும் போகாது.

தேர்வான பாட்டுகளை ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் ஸ்கேல், வேகம், வலதுகை என்ன செய்கிறது (விரலால் மீட்டலா, பிக்கால் அடிப்பதா) என்று குறியுங்கள். ஐந்து பாட்டு ஜி ஸ்கேலில், ஒரே வேகத்தில், ஒரே அடியில் இருந்தால், கேட்கிறவருக்கு அது ஒரே நீளமான பாட்டு. ஒன்றிரண்டை வேறு டியூனிங்குக்கு மாற்றிப் பாருங்கள்: தடித்த கம்பியை மட்டும் டி-க்கு இறக்கும் டிராப் டி, அல்லது ஆறு கம்பியையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று வைக்கிற டாட்காட். டாட்காட்டில் ஒரு சுகம் உண்டு, ஒரு விரலை வைத்தாலே பாட்டு வந்தது போல இருக்கும். அதுவே ஆபத்தும்கூட, ஆல்பத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

வேகத்தைக் குறிக்கும்போது ஒரே தடவை பாடி எண்ணை எழுதிவிடாதீர்கள். பதற்றத்தில் எல்லாருக்கும் வேகம் கூடும். மூன்று வேறு நாளில் பாடி, எது நிதானமோ அதை எழுதுங்கள்.

மற்றவர்களோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் நாஷ்வில் எண் முறையைக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் செலவழியுங்கள். 1950-களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாட்டுக் குழுவின் நீல் மாத்யூஸ் தொடங்கிவைத்தது, இசைக்கலைஞர் சார்லி மெக்காய் அதை ஸ்டூடியோ வாசிப்பாளர்கள் நடுவில் பரப்பினார். கார்டின் (சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டின்) பெயரை எழுதாமல், ஸ்கேலில் அது எத்தனையாவது என்ற எண்ணை எழுதுவார்கள். நமக்கு இது புதிதே இல்லை, 1-4-5 என்றால் ச-ம-ப. ஜி ஸ்கேலில் அது ஜி, சி, டி; தொண்டை சரியில்லை, ஏ-யில் பாடுகிறேன் என்றால் அதே பேப்பர், வாசிப்பது மட்டும் ஏ, டி, ஈ.

யாரைச் சேர்ப்பது

பெடல் ஸ்டீல், ஃபிடில், டோப்ரோ, பாஞ்சோ, மாண்டலின், நின்று வாசிக்கிற பெரிய பேஸ் என்று ஆசை காட்டும் வாத்தியங்கள் நிறைய. என் அனுபவத்தில் ஒரு பாட்டுக்கு ஒரு விருந்தாளி போதும், கூட ஒரு பேஸ் இருந்தால் நிறைவு. அந்த விருந்தாளிக்கும் ஒரு கட்டுப்பாடு: பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் பேசலாம், வரி நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. நல்ல ஸ்டீல் வாசிப்பாளர் இதைச் சொல்லாமலே செய்வார், நீங்கள் பாடும் வரியை எழுதி அவர் முன்னால் வைத்தாலே போதும். கார்டு தாளை மட்டும் கொடுத்துவிட்டு அப்புறம் "ரொம்ப வாசிக்கிறாரே" என்று முணுமுணுப்பது நியாயமில்லை.

தயாரிப்பாளர் என்று ஒருவர் வேண்டுமா? பெரிய பெயர் வேண்டாம். "இந்த டேக் (ஒருமுறை பாடிய பதிவு) போதும், நிறுத்து" என்றும் "இந்தப் பாட்டு ஆல்பத்தில் வேண்டாம்" என்றும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு காது வேண்டும்.

ஸ்டூடியோ வாசலை மிதிக்கும் முன் காகிதத்தில் இரண்டு விஷயம். பாட்டை எழுதியது யார் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிவான ஒலி யாருக்குச் சொந்தம் என்று தனியாக எழுதுங்கள். பாட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு, இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வரி எடுத்துக் கொடுத்த நண்பனோடு அந்த ஒரு வரிக்காக இரண்டு வருஷம் பேச்சு இல்லாமல் போனது. ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் பத்து சதவீதம் என்று சிரித்துக்கொண்டே முடித்திருப்போம்.

ரெக்கார்டிங்

வீட்டிலேயே செய்யலாமா என்றால், தாராளமாக. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட நெப்ராஸ்கா ஆல்பம் வீட்டில் நாலு டிராக் கேசட் கருவியில் எடுத்த மாதிரிப் பதிவு, அதாவது டெமோதான். குழுவோடு மறுபடி வாசித்துப் பார்த்தார்கள், அந்த உயிர் வரவில்லை, டெமோவையே வெளியிட்டுவிட்டார்கள். உங்கள் டெமோவையும் அழிக்காமல் வைத்திருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு நல்ல கண்டென்சர் மைக் (நுணுக்கமான ஓசையையும் பிடிக்கும் வகை), மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு இன்டர்ஃபேஸ், காதை மூடுகிற ஹெட்போன், இவ்வளவு போதும். மைக்கைவிட அறை முக்கியம். வெறும் சுவர் நாலு இருக்கிற அறையில் எவ்வளவு உயர்ந்த மைக்கும் குளியலறை போலத்தான் பேசும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வையுங்கள், பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், அறையின் மூலையிலும் நட்டநடுவிலும் உட்காராதீர்கள். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். (ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காமலிருக்க வீட்டுச் சாவியை அதற்குள் வைக்கிற பழக்கம் ஒன்று உண்டு, அபாரமான யோசனை.) 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள், உச்சமான சத்தம் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில் நின்றால் போதும், சிவப்பு விளக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கம்பியை முந்தின நாளே மாற்றிவிடுங்கள். அன்றைக்கே மாற்றினால் சுருதி நிற்காது, ஓசையும் கூசும். கிட்டார் மைக்கை ஓட்டைக்கு நேராக வைப்பது எல்லாரும் செய்கிற தவறு. அங்கே வெறும் உறுமல்தான் கிடைக்கும், அந்த உறுமல் ஆண் குரலின் அடிப்பகுதியை அப்படியே விழுங்கிவிடும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, பன்னிரண்டாவது ஃபிரெட்டை ஒட்டிப் பார்க்கும்படி ஒரு சாண் தள்ளி வையுங்கள். அங்கிருந்து விரலளவு நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். நான் ஒருமுறை அரை நாள் முழுக்க இதில் போக்கினேன், அந்த அரை நாளுக்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. சட்டைப் பித்தான், கைக்கடிகாரம், கிறீச்சிடும் நாற்காலி மூன்றையும் கவனியுங்கள்.

பாடிக்கொண்டே வாசிப்பதா, தனித்தனியா? தனித்தனியாக எடுத்தால் திருத்த வசதி, ஆனால் பாட்டின் மூச்சு போய்விடும்: வரியின் கடைசியில் குரல் தயங்கும்போது கையும் சேர்ந்து தயங்குவதுதான் இந்த இசையின் அழகு. அதனால் சேர்ந்தே எடுங்கள் என்பேன். கிட்டார் சத்தம் குரல் மைக்கில் ஒழுகுவதைக் குறைக்க எட்டு வடிவ மைக் இருந்தால் நல்லது. முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. அந்தக் கேட்காத பக்கத்தைக் கிட்டாரை நோக்கித் திருப்புங்கள். கொஞ்சம் ஒழுகினால் ஒழுகட்டும், குரலையும் கிட்டாரையும் ஒரே அறையில் இருக்க வைக்கிற பசையே அதுதான்.

கிளிக், அதாவது வேகம் பிசகாமலிருக்க ஹெட்போனில் ஓடும் டிக்-டிக், வேண்டுமா என்று ஒரு பெரிய சண்டை எப்போதும் உண்டு. தனியாக வாசிக்கிற பாட்டுக்கு வேண்டாம். பின்னால் டிரம்ஸ், பேஸ் ஏறப்போகிற பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த டிக்-டிக்கைக் கேட்டுப் பாடினால் குரல் விறைத்துவிடும், அதற்குப் பதில் ஒரு ஷேக்கர் ஓசையை ஓடவிடுங்கள். ஒரு பாட்டுக்கு நாலைந்து டேக். அதற்குள் வரவில்லை என்றால் அன்றைக்கு வராது, அடுத்த பாட்டுக்குப் போங்கள். கேட்கும்போது முழு டேக்காகத் தேர்ந்தெடுத்து, ஒன்றிரண்டு வரியை மட்டும் மற்ற டேக்கிலிருந்து ஒட்டுங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒட்டினால் யார் பாடுகிறார் என்றே தெரியாமல் போகும்.

பல்லவி மெலிதாக இருக்கிறது என்றால் கிட்டாரை இரட்டிப்பாக்குவதற்கு முன் நாஷ்வில் டியூனிங்கை முயலுங்கள்: தடித்த நாலு கம்பியையும் கழற்றிவிட்டு, பன்னிரண்டு கம்பி செட்டில் வரும் மெல்லிய கம்பிகளைப் போட்டு ஒரு ஸ்தாயி மேலே வைப்பது. அடிப்பகுதியை அடைக்காமல் மேலே மட்டும் மினுங்கும், சொல்லுக்குத் தொந்தரவில்லை.

மிக்ஸிங், மாஸ்டரிங்

மிக்ஸிங்கை வேறொருவரிடம் கொடுங்கள், மாஸ்டரிங்கை (மிக்ஸ் ஆன பாட்டுகளை வெளியீட்டுக்குக் கடைசியாகச் சீர்செய்வதை) முடிந்தால் மூன்றாமவரிடம். உங்கள் வேலை கேட்பது. சத்தத்தை நன்றாகக் குறைத்து, பக்கத்து அறையில் நின்று கேளுங்கள், வரி புரிகிறதா? புரியவில்லை என்றால் குரலை ஏற்றச் சொல்வதற்கு முன் கிட்டாரில் 200-300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், பாதி நேரம் அதிலேயே தெளிந்துவிடும். எதிரொலி வேண்டும் என்று கை பரபரக்கும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லின் கடைசி எழுத்து அடுத்த சொல்லின் மேல் படிகிற அளவுக்கு வேண்டாம்.

சத்தப் போட்டியில் இறங்காதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது, நீங்கள் நசுக்கி நசுக்கி ஏற்றியதை அது இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் மிச்சம்.

வெளியிடுவது

இது சலிப்பான வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட குறியீடு, ஆல்பத்துக்கு யூபிசி என்ற பார்கோடு எண், இரண்டையும் டிஸ்ட்ரோகிட், சிடி பேபி, டியூன்கோர் மாதிரியான விநியோகஸ்தர்களே கொடுப்பார்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். அதை விரல்நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்து உங்கள் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். எழுதியவராக உங்கள் நாட்டின் இசை உரிமைச் சங்கத்தில் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். வேறொருவர் பாட்டைப் பாடியிருந்தால் உரிமம் வாங்க வேண்டும். "மரபுப் பாட்டுதானே" என்று எடுக்கும்போது ஜாக்கிரதை: பாட்டு பழசாக இருக்கலாம், நீங்கள் கேட்டுக் கற்ற அந்த மெட்டமைப்பு யாரோ ஒருவருடையதாக இருக்கலாம்.

2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதிய இசை வெளியாவது வெள்ளிக்கிழமை. ஒரு மாதமாவது முன்னால் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமானால் குறைந்தது ஏழு நாள் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். 30 விநாடி கேட்டால்தான் அங்கே ஒரு கணக்கு. இருபத்தைந்து விநாடிக்குக் கிட்டார் முன்னிசை வைத்திருக்கிறீர்களா, சிங்கிளாக விடும் பாட்டிலாவது அதைப் பாதியாக்குங்கள். 2024 முதல், 12 மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணமே கிடையாது. அதனால் வருமானத்துக்கு அதை நம்பாமல் நேராக விற்கும் வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருள் விற்பனையில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை, பணம் செலுத்தும் கட்டணம் போக, உங்களுக்குத் தரும். காசு கொடுத்தால் லட்சம் ஸ்ட்ரீம் என்று வருகிற செய்திகளுக்குப் பதிலே போடாதீர்கள், போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.

ஆல்பத்துக்கு முன்னால் இரண்டு அல்லது மூன்று சிங்கிள், அதாவது தனியாக வெளியிடும் பாட்டு. எல்லாவற்றிலும் பெப்பான பாட்டையே முதலில் விடத் தோன்றும். நான் கதை முழுசாகக் கேட்கிற பாட்டைத்தான் விடுவேன், ஏனென்றால் அடுத்த பாட்டுக்கு உங்களைத் தேடி வருகிறவர் அதற்காகத்தான் வருவார். பாடல் வரிகளையும் கூடவே வெளியிடுங்கள், எழுத்துப்பிழை பார்த்து.

எல்லாம் முடிந்ததும் ஸ்டூடியோவிடமிருந்து மாஸ்டர் (முடிந்த பாட்டின் இறுதிப் பதிவு) மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். குரல் இல்லாத மிக்ஸ், ஒவ்வொரு வாத்தியத்தின் தனி டிராக், எல்லாம் வேவ் வடிவில் வாங்கி இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். யாராவது ஒரு குறும்படத்துக்கு உங்கள் பாட்டின் இசையை மட்டும் கேட்பார்கள், அதுவும் நாளைக்குக் காலைக்குள் வேண்டும் என்பார்கள்.